சபையை விட்டுப் போகிறவர்கள்: ஜெர்மனியை வைத்து ஓர் எளிய விளக்கம்

போன கிறிஸ்துமஸ் சமயத்தில் அம்மா போனில் கேட்டாள்: "ஏல, ஜெர்மன்ல எல்லாரும் சபைய விட்டுப் போறாங்களாமே, நெசமா? ரேனியஸ் ஐயர் வந்த தேசமாச்சே?"

பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். பிரஷ்யாவில் பிறந்த ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். நெல்லைச் சீமையில் பல ஊர்ச் சபைகள் அவர் காலத்தில் எழும்பியவை. அவருக்கும் முன்னால், 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் சாக்சனிக்காரர், ஹாலே நகரில் படித்தவர். தமிழில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு அவருடைய உழைப்பு. அந்த ஹாலே இன்று சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் இருக்கிறது. அந்த மாநிலத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் எந்தச் சபையிலும் இல்லை.

நம் ஊரில் இப்படிப் போனவர்களுக்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்: "பின்வாங்கிப்போனவர்." கொஞ்சம் கடுமையாகச் சொன்னால், "உலகத்தோடு போய்விட்டான்." இந்தச் சொற்களைக் கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். ஒருவரை இந்தச் சொல்லுக்குள் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏன் போனார், எப்போது போனார், போகுமுன் யாரிடமாவது பேசினாரா என்ற கேள்விகள் அப்படியே நின்றுவிடும். அந்தக் கேள்விகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனியை எடுத்துக்கொண்டதற்கு நான் இங்கே வேலை பார்ப்பது ஒரு காரணம். மற்ற பல நாடுகளில் ஒருவர் சபையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வராமல் போவார், அவ்வளவுதான். ஜெர்மனியில் அரசு அலுவலகத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டு, கட்டணம் கட்டி விலக வேண்டும். அதனால் ஒவ்வொரு விலகலும் கணக்கில் ஏறுகிறது.

விலகுவது எப்படி நடக்கிறது?

ஜெர்மனியில் ஒரு குழந்தைக்குக் கத்தோலிக்கக் கோயிலிலோ லுத்தரன் போன்ற புராட்டஸ்டண்ட் சபையிலோ திருமுழுக்கு கொடுத்தால், அந்தப் பதிவு அரசின் குடிமக்கள் பதிவேட்டுக்கும் போகும். அந்தக் குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும்போது சம்பளத்தில் சபை வரி பிடிக்கப்படும். வருமான வரி எவ்வளவோ அதில் 9 சதவீதம். பவேரியா, பாடன்-வுர்ட்டம்பெர்க் ஆகிய இரண்டு மாநிலங்களில் மட்டும் 8. சம்பளத்தில் 9 சதவீதம் என்று பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். மாதம் 600 யூரோ வருமான வரி கட்டுகிறவருக்குச் சபை வரி 54 யூரோ. வருடத்துக்கு 648. இதை அரசின் வரித்துறையே வசூலித்து, ஒரு சிறு பங்கைக் கூலியாகப் பிடித்துக்கொண்டு சபைகளுக்குக் கொடுக்கிறது. 1919-ன் வைமார் அரசியல் சட்டத்தில் சபைகளுக்குக் கிடைத்த உரிமை இது. 1949-ன் அரசியல் சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 2022-ல் இரண்டு பெரிய சபைகளுக்குமாகச் சுமார் 1,300 கோடி யூரோ இப்படிப் போனது.

நம் ஊரில் இருந்து இங்கே வந்து, முகவரி பதியும் படிவத்தில் "மதம்" என்ற கட்டத்தில் யோசிக்காமல் "கத்தோலிக்கம்" என்று எழுதிவிட்டு, முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

வரி கட்ட விருப்பமில்லை என்றால் ஒரே வழி, சபையிலிருந்து சட்டப்படி விலகுவது. ஜெர்மன் மொழியில் இதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது: கிர்ஷன்ஆவுஸ்ட்ரிட். 14 வயது முடிந்த எவரும் தானாகவே விலகலாம்; 1921-ன் சட்டம் அந்த வயதை வைத்தது. சில மாநிலங்களில் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சில மாநிலங்களில் பிறப்பு, இறப்பு, திருமணம் பதியும் அலுவலகத்துக்கு.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், கொலோன்காரர், கத்தோலிக்கர். அப்போது முப்பது வயது. விலகப் போகும் நாளில் "துணைக்கு வருகிறாயா" என்று கேட்டார். போனேன். நீதிமன்றத்தில் நேரம் முன்பதிவு செய்திருந்தார். அதற்கே பல வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு அலுவலர். அடையாள அட்டையைக் கேட்டார். பெயர், பிறந்த நாள், திருமுழுக்கு பெற்ற ஊர் ஆகியவற்றைக் கணினியில் அடித்தார். தாளை அச்செடுத்து ஒரு வாக்கியத்தை வாசித்துக் காட்டினார். கையெழுத்து. 30 யூரோ. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் எட்டிப் பார்த்தவரை அந்தத் தாளில் "காரணம்" என்று ஒரு கட்டம் கிடையாது.

வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போது நான் கேட்டேன், ஏன் என்று.

"வரி" என்றார்.

டிராம் ஏறி நாலைந்து நிறுத்தம் தாண்டியதும், நான் ஒன்றும் கேட்காமலே, "அந்த அறிக்கையைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை" என்றார். என்ன அறிக்கை என்பதைக் கீழே சொல்கிறேன். இறங்கி நடக்கும்போது இன்னொன்றும் சொன்னார். சிறுமியாக இருந்தபோது பீடத்தில் உதவி செய்தாராம். புதுநன்மை வாங்கினார், உறுதிபூசுதல் வாங்கினார். அதன் பிறகு பதினைந்து வருடத்தில் கோயிலுக்குள் போனது கிறிஸ்துமஸ் இரவுகளிலும், தாத்தாவின் சாவுக்கும் மட்டும்தான். "நான் இன்று விலகவில்லை. என்றைக்கோ விலகிவிட்டேன். எந்த நாள் என்றுதான் தெரியவில்லை."

மூன்று பதிலும் உண்மை. நடந்த வரிசைக்கு நேர் எதிராக அவை வெளியே வந்தன. கடைசியாக நடந்தது முதலில் வாயில் வந்தது. முதலில் நடந்ததைச் சொல்லத்தான் அரை மணி நேரம் ஆயிற்று. இதற்குப் பிறகு நான் பேசிப் பார்த்தவர்களிடமும் ஏறக்குறைய இதே வரிசை. ஆகவே நானும் அவர் சொன்ன வரிசையிலேயே போகிறேன்.

முதல் பதில்: பணம்

இதைக் கேட்டதும் நம் ஆட்கள் உடனே, "காசுக்காகவா விசுவாசத்தை விட்டான்?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

நம் சபைகளிலும் பணம் உண்டு. சங்கக் காணிக்கை, சந்தா, தசமபாகம், அறுப்பின் பண்டிகை ஏலம் என்று எத்தனையோ. ஆனால் அதைக் கையால் எடுத்துக் கொடுக்கிறோம். கொடுக்கிறவர் முகத்தைச் சபை பார்க்கிறது. இங்கே பணம் வாங்குகிற சபையைக் கண்ணால் பார்க்காமலே ஒருவர் நாற்பது வருடம் கட்டிவிட முடியும். கோயிலுக்குப் போகிற ஒருவருக்கு அந்த 54 யூரோ உறுத்தாது. போகாதவருக்கு மாதாமாதம் சம்பளச் சீட்டு வரும்போது, "நீ இதில் இருக்கிறாயா, இல்லையா?" என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். விலகுகிறவர்களில் இருபதுகளின் பின்பாதியிலும் முப்பதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்கள் அதிகம். படிப்பு முடிந்து சொந்தச் சம்பளம் வாங்கத் தொடங்கும் வயது அது.

2014-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வங்கி வட்டி, பங்கு இலாபம் ஆகியவற்றின் மீதான சபை வரியை 2015 முதல் வங்கிகளே பிடித்துக்கொள்ளும் என்று முறை மாறியது. வரி புதிதல்ல, பிடிக்கும் முறைதான் புதிது. வங்கிகள் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பின. அந்த வருடம் கத்தோலிக்கச் சபையிலிருந்து மட்டும் 2,17,716 பேர் விலகினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த எண்ணிக்கை 1,18,335. ஒரு கடிதம் இத்தனை பேரின் விசுவாசத்தை அழிக்காது. ஏற்கெனவே தளர்ந்திருந்த முடிச்சை அது இழுத்துப் பார்த்தது.

இரண்டாவது பதில்: நம்பிக்கை முறிவு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

2010 ஜனவரியில் பெர்லினில் உள்ள கனீசியுஸ் கல்லூரி என்ற இயேசு சபைப் பள்ளியின் தலைவர், அருட்தந்தை கிளாவுஸ் மெர்டெஸ், பழைய மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்தப் பள்ளியில் குருக்கள் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாகச் சிலர் தன்னிடம் சொல்லியிருப்பதாகவும், வேறு யாரும் பாதிக்கப்பட்டிருந்தால் பேச வேண்டும் என்றும் கேட்டிருந்தார். கடிதம் செய்தித்தாளுக்குப் போயிற்று. நாடு முழுவதும் மற்ற பள்ளிகளிலிருந்தும், விடுதிகளிலிருந்தும், பங்குகளிலிருந்தும் ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். அறுபது வயதுக்காரர்கள், தங்கள் மனைவியிடம்கூட முன்பு சொல்லாததைச் சொன்னார்கள்.

2018-ல் ஆயர்கள் கேட்டுச் செய்வித்த ஆய்வு வெளியானது. 1946 முதல் 2014 வரையிலான கோப்புகளில் 1,670 குருக்கள் மற்றும் துறவிகள் மீது குற்றச்சாட்டு, 3,677 குழந்தைகள் பாதிக்கப்பட்டதற்கான தடயம். கோப்பில் ஏறியவை மட்டுமே இவை. சில இடங்களில் கோப்புகள் அழிக்கப்பட்டிருந்தன, திருத்தப்பட்டிருந்தன.

என் சக ஊழியர் சொன்ன அறிக்கை கொலோன் மறைமாவட்டத்துடையது. பேராயர் கர்தினால் வோல்கி ஒரு வழக்கறிஞர் நிறுவனத்திடம் விசாரணை அறிக்கை கேட்டார். அது தயாரானதும், சட்டக் குறைகள் இருக்கின்றன என்று சொல்லி 2020-ல் வெளியிடாமல் நிறுத்தினார். வேறு வழக்கறிஞர்களைக் கொண்டு எழுதப்பட்ட இரண்டாவது அறிக்கை 2021 மார்ச்சில் வந்தது. 202 பேர் மீது குற்றச்சாட்டு, குறைந்தது 314 பாதிக்கப்பட்டவர்கள். அந்த மாதங்களில் கொலோன் நீதிமன்றத்தில் விலகுவதற்கான முன்பதிவு இடங்கள் திறந்ததும் தீர்ந்துபோயின. மாதத்துக்கு 1,500 இடம் என்று கூட்டினார்கள், அதுவும் போதவில்லை.

2022 ஜனவரியில் மியூனிக் மறைமாவட்டத்தின் அறிக்கை. குறைந்தது 497 பேர் பாதிக்கப்பட்டவர்கள். 1977 முதல் 1982 வரை அங்கே பேராயராக இருந்தவர் பின்னாளில் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் ஆனார். நான்கு வழக்குகளில் அவர் தவறு செய்தார் என்று அறிக்கை சொன்னது. குற்றம் செய்த ஒரு குரு பற்றிப் பேசிய 1980-ன் ஒரு கூட்டத்தில் தான் இருக்கவில்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தவர், சில நாளில் இருந்ததாகத் திருத்தினார். அந்த 2022-ல் கத்தோலிக்கச் சபையை விட்டு விலகியவர்கள் 5,22,821 பேர். அதுவரை எந்த வருடமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

"எனக்கு ஒன்றும் நடக்கவில்லையே, நான் ஏன் விலக வேண்டும்?" என்று ஒருவர் நினைக்கலாம். அப்படித்தான் பலர் பல வருடம் நினைத்தார்கள். என் தோழியின் சிறுவயதுப் பங்குத்தந்தை நல்ல மனிதர். அவரைப் பற்றிப் பேசும்போது இன்றும் தோழிக்குக் குரல் மெலிகிறது. தோழியை உடைத்தது அறிக்கையில் வந்த குற்றங்களைக் காட்டிலும் அவற்றை மறைத்த விதம். குற்றம் செய்த ஒருவரை இன்னொரு பங்குக்கு மாற்றி, அங்கே உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டார்கள். அந்தப் பங்கில் பீடத்துக்கு உதவி செய்யும் சிறுவர், சிறுமியர் இருந்தார்கள். தானும் அப்படி ஒரு சிறுமியாக இருந்தவர் என்பதால், தன்னை மாதிரி ஒரு பிள்ளையின் பெயரை விட நிறுவனத்தின் பெயர் பெரிதாகப் போயிற்று என்று அவருக்குப் பட்டது. அப்புறம் ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிட்டு யாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்வது?

இதைக் கத்தோலிக்கர்களின் பிரச்சினை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. 2024 ஜனவரியில் புராட்டஸ்டண்ட் சபைகளைப் பற்றிய ஆய்வு வந்தது. குறைந்தது 2,225 பாதிக்கப்பட்டவர்கள், 1,259 குற்றம் சாட்டப்பட்டவர்கள். மணமான போதகர்கள், பெண் போதகர்கள், சனநாயக நிர்வாகம் எல்லாம் இருக்கும் சபைகள் அவை.

இதோடு சேர்ந்து, இதைவிடச் சிறிய வேறு முறிவுகளும் உண்டு. லிம்பர்க் ஆயர் தன் இல்ல வளாகத்துக்குச் சுமார் 3.1 கோடி யூரோ செலவழித்த விவகாரம் 2013-ல் வெடித்தது. மறுவருடம் அவர் பதவி விலகினார். மறுமணம் செய்த மருத்துவர்களும் தன்பால் துணையோடு வாழும் ஆசிரியர்களும் கத்தோலிக்க நிறுவனங்களில் வேலை இழந்த காலம் வெகு தொலைவில் இல்லை. அந்த வேலை விதிகள் 2022 இறுதியில்தான் தளர்ந்தன. பெண்களுக்குக் குருத்துவம் வேண்டும் என்று 2019-ல் ம்யூன்ஸ்டர் நகரில் சில பெண்கள் "மரியா 2.0" என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு வாரம் கோயிலுக்குள் போகாமல் வாசலில் நின்று ஜெபித்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் இருவர் 2021-ல் சபையை விட்டே விலகினார்கள். 2022-ல் ஷ்பையர் மறைமாவட்டத்தின் முதன்மை குருவே, ஆயருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர், விலகி, ரோமிலிருந்து பிரிந்த "பழைய கத்தோலிக்கச் சபை" என்ற தனிச் சபையில் சேர்ந்தார். இவர்களெல்லாம் அக்கறை இல்லாமல் போனவர்கள் இல்லை. அளவுக்கு மேல் அக்கறை வைத்து, வருடக்கணக்கில் போராடி, தோற்றுப் போனவர்கள். "பின்வாங்கினார்" என்ற சொல் இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

சந்தேகம் எங்கே வருகிறது?

விசுவாசத்தை விடுகிறவர் என்றால் அறிவியல் படித்துவிட்டு வேதாகமத்தை மூடியவர் என்று நாம் மனதில் ஒரு படம் வைத்திருக்கிறோம். ஜெர்மனியில் அந்தப் படம் அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆதியாகமத்தின் ஆறு நாள் படைப்பை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டும் என்று இங்குள்ள பெரிய சபைகள் கேட்பதில்லை. வேதாகமத்தை மற்ற பழைய நூல்களைப் போல ஆராயும் முறை வளர்ந்ததே ஜெர்மன் பல்கலைக்கழகங்களில்தான். 1835-ல் டூபிங்கனில் இளம் இறையியலாளர் டேவிட் ஃப்ரீட்ரிக் ஷ்ட்ராவுஸ், சுவிசேஷங்களின் அற்புதங்களைப் புராணக் கதைகளாகப் படிக்க வேண்டும் என்று எழுதி வேலையை இழந்தார். இன்று அந்த விவாதம் போதகர் பயிற்சியின் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது. பரிணாமக் கொள்கையா, வேதமா என்ற சண்டையில் வாலிபர்கள் உடைந்துபோவதை அமெரிக்காவின் சில சபைகளில்தான் அதிகம் பார்க்கிறோம்.

துன்பம் பற்றிய கேள்வி வேறு. அது எல்லா நாட்டிலும் வரும். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள். லிஸ்பன் நகரத்துக் கோயில்கள் நிறைந்திருந்த காலை நேரத்தில் பூகம்பம் வந்தது. வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் கூரை இடிந்தது. நல்ல கடவுள், எல்லாம் வல்ல கடவுள், இந்தக் காலை: இந்த மூன்றையும் ஒன்றாக வைக்க முடியாமல் ஐரோப்பா தவித்தது. மருத்துவமனையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும் அதே கேள்விதான். "கர்த்தருடைய சித்தம்" என்று அவசரமாகச் சொல்லி அவள் வாயை அடைக்கும்போது, அவள் கடவுளை விடுவதற்கு முன்பே நம்மை விட்டுவிடுகிறாள். இதை நான் நம் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பதில்: சண்டையே இல்லாமல்

என் தோழி கடைசியாகச் சொன்னதுதான் மிகப் பெரிய காரணம் என்று நம்புகிறேன். இதைப் பற்றிச் செய்தி வராது, ஏனென்றால் இதில் நிகழ்ச்சியே கிடையாது. ஒரு ஞாயிறு போகவில்லை, யாரும் கேட்கவில்லை. வேறு ஊருக்குக் குடிபோனார், அங்கே பங்கு எது என்று தேடவில்லை. இன்று ஜெர்மனியில் கத்தோலிக்கர் நூறு பேரில் ஞாயிறு திருப்பலிக்குப் போகிறவர்கள் ஆறு, ஏழு பேர். மீதிப் பேரில் பலர் இன்னும் உறுப்பினர்கள், வரியும் கட்டுகிறார்கள். விலகல் என்ற கையெழுத்து இவர்களுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒரு அறிக்கை, ஒரு வங்கிக் கடிதம் போதும்.

கிழக்கு ஜெர்மனி இதற்கு இன்னொரு வழியைக் காட்டுகிறது. 1950-ல் அங்கே பத்தில் ஒன்பது பேர் சபை உறுப்பினர்கள். கம்யூனிஸ்ட் அரசு 1954 முதல், சபையின் திடப்படுத்தல் ஆராதனைக்குப் போட்டியாக, 14 வயதுப் பிள்ளைகளுக்கு யூகென்ட்வைஹ என்ற அரசு விழாவைப் பரப்பியது. அதில் சேராத பிள்ளைக்கு மேல்படிப்பு வாசல் அடைபடலாம். பெற்றோர் பிள்ளையின் படிப்பைப் பார்த்தார்கள், யார்தான் பார்க்க மாட்டார்கள்? நாற்பது வருடத்தில் உறுப்பினர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டார்கள். 1989-ல் லைப்சிக் நகரின் நிக்கோலாய் கோயிலில் திங்கட்கிழமை ஜெபக்கூட்டங்களிலிருந்துதான் மக்கள் எழுச்சி கிளம்பியது. அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் மெழுகுவர்த்தியோடு தெருவில் நின்றார்கள். பெர்லின் சுவர் விழுந்தது. கோயில்கள் மறுபடியும் நிறையும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அதற்குள் பாட்டி ஜெபிப்பதைப் பார்த்து வளராத ஒரு தலைமுறை வந்துவிட்டது. அவர்களுக்குத் திரும்பி வர ஒரு வீடே இருக்கவில்லை. சீகன்பால்க் படித்த ஹாலேயின் இன்றைய நிலைக்குக் காரணம் இதுதான். அங்கே இருக்கும் பெரும்பாலோர் எதையும் விட்டுப் போனவர்கள் அல்லர். அவர்களுடைய தாத்தா பாட்டிதான் விட்டவர்கள்.

2019-ல் ஃபிரைபர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணிப்பு வெளியிட்டார்கள்: 2060-க்குள் இரண்டு பெரிய சபைகளின் உறுப்பினர் எண்ணிக்கை பாதியாகும். முதியோர் இறப்பது இதில் ஒரு பகுதி மட்டுமே. திருமுழுக்குக் கொடுக்காமல் விடும் பெற்றோரும் விலகும் பெரியவர்களும்தான் பெரும்பகுதி. 2024 முடிவில் கத்தோலிக்கர் 2 கோடிக்குச் சற்றுக் கீழே, புராட்டஸ்டண்ட் சபையினர் சுமார் 1.8 கோடி. இரண்டையும் கூட்டினாலும் நாட்டு மக்களில் பாதி வரவில்லை.

போனவர்கள் எங்கே போகிறார்கள்?

சபையை விடுவதும் கடவுளை விடுவதும் ஒன்று என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இலக்கியத்துக்கு நோபல் பரிசு பெற்ற கொலோன்காரர் ஹைன்ரிஷ் போல், சபை வரி முறையை எதிர்த்து 1976-ல் கத்தோலிக்கச் சபையிலிருந்து விலகினார். 1985-ல் அவர் இறந்தபோது அடக்கத்தை நடத்தியவர் அவருடைய நண்பரான ஒரு கத்தோலிக்க குரு. விசுவாசத்தை விட்டதாக அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. 2007-ல் ஃபிரைபர்க்கைச் சேர்ந்த ஒரு திருச்சபைச் சட்டப் பேராசிரியர், வரி வாங்கும் சட்ட அமைப்பிலிருந்துதான் விலகுகிறேன், விசுவாசிகளின் கூட்டத்திலிருந்து அல்ல என்று எழுதிக் கொடுத்து ஒரு வழக்கையே கிளப்பினார். உச்ச நிர்வாக நீதிமன்றம் 2012 செப்டம்பரில், அப்படிப் பாதி விலக முடியாது என்றது. அதே மாதம் ஆயர் பேரவையும் ஒரு ஆணை போட்டது: விலகியவருக்கு நற்கருணை இல்லை, ஒப்புரவு இல்லை, ஞானப்பெற்றோராக நிற்க முடியாது, மனம் மாறியதற்கான அடையாளம் எதுவும் இல்லாமல் இறந்தால் திருச்சபை அடக்கமும் மறுக்கப்படலாம். சாகும் தருவாயில் கேட்டால் மட்டும் மறுக்கப்படாது.

அமெரிக்காவில் ப்யூ ஆய்வு மையத்தின் கணக்கில், 2007-ல் பெரியவர்களில் 78 சதவீதமாக இருந்த கிறிஸ்தவர்கள் 2023-24-ல் 62 சதவீதம். "மதம் எதுவும் இல்லை" என்று சொல்கிறவர்களில் கடவுளையோ ஏதோ ஒரு மேலான சக்தியையோ நம்புகிறவர்கள் பத்தில் ஏழு பேர் அளவுக்கு இருக்கிறார்கள். கடவுளே இல்லை என்று உறுதியாகச் சொல்கிறவர்கள் சிறுபான்மை. அங்கே வரி கிடையாது; காரணங்களும் வேறு. சபைகள் பழமைவாத அரசியலோடு ஒட்டிக்கொண்டது பலரை வெளியே தள்ளியது என்று 2002-லேயே மைக்கேல் ஹௌட், கிளாட் ஃபிஷர் என்ற இரு சமூகவியலாளர்கள் எழுதினார்கள்.

மனதார நம்பிக்கை இழந்து விலகியவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். அவர்களில் சிலர் நிம்மதி என்கிறார்கள். சிலருக்கு அது சாவுவீடு போல இருந்திருக்கிறது: ஜெபிக்கக் கைகூப்பினால் எதிரே யாரும் இல்லை என்று தோன்றிய முதல் இரவு, பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்ற பயம், அம்மாவிடம் மறைத்தே ஆக வேண்டிய ஞாயிறுகள். குடும்பம், நட்பு, பாட்டு, பண்டிகை எல்லாம் சபையோடு கட்டப்பட்டிருக்கும்போது விலகுவது சுகத்துக்காக ஒருவர் செய்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

கடிதம்

விலகிய செய்தியை நீதிமன்றம் சபைக்கு அனுப்பும். திருமுழுக்கு கொடுத்த பங்கின் பதிவேட்டில், அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். பெயரை அடிக்க மாட்டார்கள்; திருமுழுக்கை யாராலும் திரும்ப எடுக்க முடியாது என்பது சபையின் போதனை.

இரண்டு மாதம் கழித்து என் தோழிக்குப் பங்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டினார். விலகியதால் என்னென்ன இழக்கிறார் என்பது வரிசையாக இருந்தது. முடிவில், விரும்பினால் உரையாடலுக்கு வரலாம் என்ற அழைப்பு. கீழே கையெழுத்து. அவர் அதைக் கோபமாக வாசிக்கவில்லை. உறையில் தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உறுதிபூசுதலுக்குப் பிறகு அந்தக் கோயிலிலிருந்து என் பெயருக்கு வந்த முதல் கடிதம் இது" என்றார்.

இந்தக் கதை முழுவதையும் அன்று போனில் அம்மாவிடம் சொன்னேன். வரி, அறிக்கை, நீதிமன்றம், கடிதம் எல்லாம். அம்மா நடுவில் பேசவே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"பதினஞ்சு வருசமா?" என்றாள். "வீடு சந்திப்புக்கு ஒருத்தருமா போகல?"